தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி: இடது குழல் வீங்கி வெடிப்பு விட்டிருக்கிறது, சரி செய்வதா, குழலையே மாற்றுவதா?

குடியாத்தம் தறி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 12 போர் (போர் என்பது குழலின் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. பர்மிங்காமில் செய்தது. ஜமீன் ஒழிப்புக்கு அப்புறம் ஒரு ஜமீன் வீட்டிலிருந்து தாத்தா வாங்கினாராம். லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வட ஆற்காடு ஜில்லா என்றே முத்திரை இருக்கிறது. தாத்தாவுக்கு அப்புறம் நைனா பேருக்கு மாறியது. பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ், ஒழுங்காகப் புதுப்பித்து வருகிறோம். ஆந்திரா எல்லைக் காட்டை ஒட்டி எங்களுக்கு வேர்க்கடலை நிலம் இருக்கிறது, காட்டுப்பன்றி தொல்லை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

போன வருஷம் கடலை பிடுங்குகிற சமயத்தில் நைனா பன்றிக் கூட்டத்தை விரட்ட ஒரு தோட்டா போட்டார். இடது குழல். சத்தம் வேற மாதிரி இருந்தது, தோளில் உதையும் அதிகம் என்றார். காலையில் பார்த்தால் வாயிலிருந்து 8 அங்குலம் உள்ளே குழல் மோதிரம் போட்ட மாதிரி சுற்றிலும் வீங்கியிருக்கிறது, அந்த வீக்கத்தின் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு. வலது குழலிலும் ஒரு சொட்டை உண்டு, அது பழசு, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அதோடுதான் இத்தனை வருஷம் சுட்டிருக்கிறார்கள்.

நைனாவுக்கு 74 வயது. "எங்கப்பன் கொடுத்துட்டுப் போனது, முன்ன மாதிரி ஆக்கிக் கொடுடா" என்று தினமும் கேட்கிறார். தட்டி நேராக்கலாமா, வெடிப்பை வெல்டிங் வைக்கலாமா, இல்லை குழல் ஜோடியையே மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி லேத் எழுதியது:

அண்ணா, 22 வருஷமாக லேத் ஓட்டுகிறேன், துப்பாக்கி வேலை செய்ததில்லை, ஆனால் பைப் வேலை நிறைய செய்திருக்கிறேன். சொட்டை என்றால் உள்ளே அளவாக ஒரு பிளக் விட்டு வெளியிலிருந்து மெதுவாகத் தட்டினால் வந்துவிடும். வீக்கமும் அதே மாதிரி அமுங்கும். வெடிப்புக்கு டிக் வெல்டிங் வைத்து பாலிஷ் போட்டால் கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊரில் இல்லாத வேலையா?

இல்லாவிட்டால் வீங்கின இடத்துக்குப் பின்னாலேயே வெட்டிவிட வேண்டியதுதான். 30 அங்குலக் குழல் என்றால் 9 அங்குலம் போனாலும் 21 மிச்சம் இருக்குமே.

பாலாற்றங்கரை எழுதியது:

தயவுசெய்து யாரும் எதையும் தட்ட வேண்டாம், வெட்டவும் வேண்டாம். முதலில் அந்தத் துப்பாக்கியில் இனி ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. வலது குழல்தானே, அது நல்லாத்தானே இருக்கு என்று அதிலும் போடக் கூடாது. ரெண்டு குழலும் நடுப்பட்டையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒரே உடம்பு, ஒன்று வெடித்தால் இன்னொன்றைப் பிடித்திருக்கும் பற்றும் அசைந்திருக்கும்.

40 வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஆற்காடு பக்கம். ரெண்டு பழைய துப்பாக்கிகளைச் சரிபார்க்கக் கொண்டுபோய், ஒன்றை அப்படியே மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரிப்பேரா மாற்றமா என்ற கேள்விக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது. மூன்று அளவு வேண்டும். குழல் சுவரின் கனம், முனையிலிருந்து முனை வரை பல இடங்களில். உள் விட்டம், பின்பக்கத்திலிருந்து 9 அங்குலத்தில். அப்புறம் தோட்டா அறையின் நீளம். இந்த மூன்றும் கையில் வந்த பிறகு பேசினால்தான் பேச்சுக்கு அர்த்தம்.

கூடவே குழலை மரக்கட்டையிலிருந்து பிரித்து, அடிப்பக்கத்தில் தட்டையான இடத்தில் என்னென்ன முத்திரை இருக்கிறது என்று பாருங்கள், கிரீடம், எழுத்து, எண், எல்லாம். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் தெரியும். உப்புத்தாள் போடாதீர்கள். அந்த முத்திரை அழிந்தால் துப்பாக்கியின் ஜாதகமே போய்விடும்.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

லேத் தம்பி சொன்னதில் ரெண்டு விஷயம் சட்டப்படி ஆபத்து. படிக்கிற வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியை ரிப்பேர் செய்வதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். சொந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குப் போதாது, லேத் பட்டறைக்கு அந்த லைசென்ஸ் கிடையாது. 6-ஆம் பிரிவு குழலைக் குட்டையாக்குவதைப் பற்றியே பேசுகிறது, அதற்கான லைசென்ஸ் இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. 21 அங்குலம் மிச்சம் இருக்கிறதே என்பது வாதமே ஆகாது. 8-ஆம் பிரிவு முத்திரை, எண் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. பாலிஷ் போடுகிறேன் என்று எண்ணைத் தேய்த்துவிட்டால், நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குழலை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பழைய துப்பாக்கிகளில் குழல், நடு உடம்பு, முன்கட்டை மூன்றிலும் ஒரே எண்தான் அடித்திருக்கும், உங்கள் லைசென்ஸில் ஏறியிருப்பதும் அந்த எண்தான். வேறு எண் உள்ள குழலைப் போட்டால் புத்தகத்துக்கும் பொருளுக்கும் ஒத்துப்போகாது. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரியிடம் முதலில் எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் அதெல்லாம்.

ராணிப்பேட்டை வெல்டர் எழுதியது:

வெல்டிங் பேச்சு வந்ததால் வருகிறேன். பாய்லர் வேலையில் 31 வருஷம், இப்போது ரிட்டையர்டு.

காட்பாடி தம்பி, நீங்கள் வைக்கும் தையல் அழகாகவே வரும், சந்தேகமே இல்லை. தையலுக்கு ரெண்டு பக்கமும் சூடு பட்ட இடம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நாங்கள் பிரஷர் தாங்கும் பைப்பில் வெல்டிங் வைத்தால் என்ன உலோகம் என்று தெரிந்து, அதற்கேற்ற கம்பி எடுத்து, முன்சூடு, பின்சூடு கொடுத்து, படம் எடுத்து, கடைசியில் தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி நிறுத்திப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவோம். இந்தக் குழல் என்ன உருக்கு என்றே நமக்குத் தெரியாது. சுவர் அரை மில்லிமீட்டரோ முக்கால் மில்லிமீட்டரோதான். பக்கத்திலேயே ஈயப் பற்று, ஆர்க் பட்டதும் அது உருகி ஓடும், நடுப்பட்டை கழன்று வரும், குழல் வளையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பழைய 12 போர் துப்பாக்கிக்குப் பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 டன். அதை நம்ம கணக்கில் போட்டால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 470 கிலோ வருகிறது. இது உச்சம், தோட்டா அறைப் பக்கம்தான் இவ்வளவு, வாய்க்கு வரும்போது ரொம்பக் குறைந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில், இடது கை தாங்கிப் பிடித்திருக்கும்போது நடக்கிற காரியம் இது. டெஸ்ட் எடுக்காத வெல்டிங்கை இதில் நான் வைக்க மாட்டேன், என் மகன் கேட்டாலும் வைக்க மாட்டேன்.

காட்பாடி லேத் எழுதியது:

சார், புரிகிறது. சட்டம் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, வெட்டலாம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் சொட்டை எடுப்பதும் தப்பா? வெளிநாட்டில் துப்பாக்கிக் கடைக்காரர்களே செய்கிறார்களே.

பாலாற்றங்கரை எழுதியது:

தப்பில்லை தம்பி. சொட்டை எடுப்பது காலம் காலமாக நடக்கிற வேலை. லைசென்ஸ் உள்ள, கை பழகின ஆள் செய்ய வேண்டும். சொட்டையில் உலோகம் உள்ளே மடங்குகிறது, அதைத் திரும்ப வெளியே தள்ளலாம், வெடிப்பு இல்லை என்றால் குழல் பிழைத்துக்கொள்ளும். சொட்டையை விட்டுவைத்து மேலே அரம் போட்டுச் சமப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதுதான் கொடுமை, அந்த இடத்தில் சுவரே இல்லாமல் போய்விடும்.

வீக்கம் அப்படியில்லை. உலோகம் இழுபட்டு மெலிந்துவிட்டது. ரொட்டி மாவை இழுத்தால் நடுவில் மெலிகிற மாதிரி. அதைச் சுற்றிலும் தட்டி அமுக்கினால் பார்வைக்குச் சரியாகும், போன பலம் திரும்பி வராது. லேசான வீக்கம், சுவர் கனமான துப்பாக்கி என்றால் நல்ல வேலைக்காரர்கள் அமுக்கிச் சரி செய்வதுண்டு. வெடிப்பு விழுந்த பிறகு அந்த நீளத்துக்கு அந்தக் குழல் முடிந்த கதை.

மாற்றுவதில் இன்னொரு வழியும் உண்டு, எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். பின்பக்கம் சுமார் 3 அங்குலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை எடுத்துவிட்டு, உள்ளே புதுக் குழல்களைச் சொருகுவார்கள். இங்கிலாந்தில் பரவலாகச் செய்கிறார்கள், செய்த பிறகு திரும்ப ப்ரூஃப் சோதனைக்கு, அதாவது அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பி, குழல் சொருகப்பட்டது என்ற முத்திரையையும் அடிக்க வேண்டும். அந்த மறுசோதனைதான் வேலையின் பாதி. சோதனை இல்லாமல் சொருகித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

தோல் கம்பெனி எழுதியது:

குடியாத்தம் தம்பிக்கு ஒரு கேள்வி. துப்பாக்கியை எதில் வைத்திருந்தீர்கள்? தோல் உறையிலா?

குடியாத்தம் தறி எழுதியது:

ஆமாம் பாய், தாத்தா காலத்துத் தோல் உறையில்தான். போன தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துத் திரும்ப வாங்கி வந்ததிலிருந்து அதிலேயே இருந்தது. சுடுவதற்கு முந்தின நாள்தான் நைனா வெளியே எடுத்தார்.

தோல் கம்பெனி எழுதியது:

நினைத்தேன். வாணியம்பாடியில் மூன்று தலைமுறையாகத் தோல் வேலை. பழைய உறையெல்லாம் ஆவாரம்பட்டை மாதிரி பட்டைச் சாயத்தில் பதப்படுத்தினது. அந்தத் தோலில் புளிப்பு இருக்கும், காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் உறையைத் தொட்டாலே பிசுபிசுக்கும். இரும்பை அதில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் துரு நிச்சயம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக மட்டும்தான் உறை. வீட்டில் வைக்கும்போது உறைக்கு வெளியே, லேசாக எண்ணெய் பூசி, பூட்டின அலமாரியில், வாய் கீழே பார்க்க வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. எங்க வாப்பா சொல்லிக்கொடுத்தது.

பாலாற்றங்கரை எழுதியது:

பாய் சொன்னது நூற்றுக்கு நூறு. அதோடு, சுடுவதற்கு முன் குழலுக்குள் வெளிச்சம் பார்த்தாரா நைனா? மோதிர வீக்கம் பெரும்பாலும் அடைப்பினால்தான் வரும். உள்ளே ஏதோ இருந்திருக்கிறது. மண், கெட்டி கிரீஸ், துடைத்த துணி, முந்தின தோட்டாவின் அடைப்பு, ஏதாவது ஒன்று. நம்ம பக்கம் குளவி. ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை கிடைத்தால் ஒரு வாரத்தில் மண்கூடு கட்டிவிடும்.

இன்னொரு காரணமும் சொல்லிவிடுகிறேன். 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலுக்குள் விழுந்தால் அறையைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொள்ளும், பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். மேலே 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் கை போகும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரே துப்பாக்கி என்பதால் அது நடந்திருக்காது, ரெண்டும் வைத்திருப்பவர்கள் ஒரே பெட்டியில் தோட்டாக்களைக் கலக்காதீர்கள்.

கோட்டை வாசல் எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஏன் சரி செய்ய வேண்டும்? வேலூரில் பிறந்தவனுக்குப் பழைய பொருளின் அருமை தெரியும். கோட்டைச் சுவரில் பெயர்ந்த கல்லுக்குப் பதில் புதுக்கல் பளபளவென்று வைத்தால் எப்படி உறுத்துகிறது? வெடித்த குழலும் அந்தத் துப்பாக்கியின் கதைதான். புதுக் குழல் சொருகினால் அது தாத்தா தொட்ட துப்பாக்கி ஆகுமா? சுடாமல் அப்படியே வையுங்கள்.

ஒரு சந்தேகம், குழலில் அலை அலையாகக் கோலம் மாதிரி வரி இருக்கிறதா? இருந்தால் அது டமாஸ்கஸ். நம்ம தமிழ்நாட்டு உருக்கில் செய்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

பெயர் குழப்பம் அது. டமாஸ்கஸ் வாள் என்று சொல்வதற்குப் போன உருக்கு நம்ம பக்கத்து மூசை உருக்கு, அதை வெள்ளைக்காரர்கள் வூட்ஸ் என்றார்கள், அது உண்மை, பெருமைப்படலாம். டமாஸ்கஸ் குழல் என்பது வேறு. பர்மிங்காமிலும் பெல்ஜியத்து லியேஜிலும் இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் முறுக்கி, பட்டையாக அடித்து, ஒரு தண்டின் மேல் கயிறு சுற்றுகிற மாதிரி சுற்றி, சூட்டில் தட்டி ஒட்டவைப்பார்கள். அந்தச் சுற்றுதான் கோலமாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட குழல் என்றால் நூற்றுக்கணக்கான ஒட்டு உள்ளே இருக்கும், எந்த ஒட்டில் துரு நுழைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. தம்பி முத்திரையைப் பார்த்துச் சொல்லட்டும்.

சுடாமல் அப்படியே வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதை மட்டும் நானும் மனதில் வைத்திருக்கிறேன். அளவு வரட்டும்.

ஜவ்வாது அடிவாரம் எழுதியது:

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எங்க பெரியப்பாவுக்கு இதே மாதிரி ஒரு துப்பாக்கி. குழலில் விழுந்த ஓட்டையை ஒரு பட்டறையில் பித்தளை வைத்து அடைத்து வாங்கி வந்தார். பார்க்கத் தங்கம் மாதிரி மின்னும், எங்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார். ஏழெட்டு தடவை சுட்டார், ஒன்றும் ஆகவில்லை. அதனால் நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த தடவை இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. அவர் மேளக்காரர். அதுக்கப்புறம் தவிலைத் தொடவே இல்லை. திருவிழா அன்றைக்குக் கோயில் பக்கம் வரமாட்டார், வீட்டிலேயே இருந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது நடந்தது, இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

தம்பி, உங்க நைனா கையைப் பார்த்து முடிவு எடுங்க.

குடியாத்தம் தறி எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் தோட்டாப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்து வேற இடத்தில் பூட்டி வை என்றார்.

முத்திரை பார்த்தேன். கோலம் எதுவும் இல்லை, சாதா உருக்குதான். ரெண்டு குழலின் அடியிலும் கிரீடம், அதற்குக் கீழே என்.பி. என்ற எழுத்து. சாய்சதுரத்துக்குள் 12, அதற்குக் கீழே சி. தனியாக 13/1 என்று ஒரு எண். ரவை 1⅛ அவுன்ஸ் உச்சம் என்றும் இருக்கிறது. 12 போர் துப்பாக்கியில் 13 என்று ஏன் போட்டிருக்கிறார்கள்?

பாலாற்றங்கரை எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறியது என்று அர்த்தம். 12-ம் சி-யும் தோட்டா அறையைச் சொல்கிறது. 13/1 என்பது சோதனை நாளன்று குழலின் உள் விட்டம். அந்தக் காலத்தில் படி படியாக அளவு வைத்திருந்தார்கள். 13 என்றால் அங்குலத்தில் .710, 13/1 என்றால் .719, 12 என்றால் .729, 12/1 என்றால் .740. உங்கள் துப்பாக்கி .719-க்கும் .729-க்கும் இடையே ஏதோ ஒரு அளவில் பிறந்திருக்கிறது. தேய்ந்தோ, யாராவது உள்ளே கடைந்து பாலிஷ் போட்டோ அது .729-ஐ எட்டிவிட்டால் பழைய ப்ரூஃப் செல்லாது. வெளியே ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தாலும் செல்லாது.

அப்புறம் அறை நீளம். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 2½ அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீட்டர். இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. சுட்ட பிறகு விரியும் தோட்டாவின் வாய் அறையைத் தாண்டிக் குறுகலில் போய் உட்காரும், அழுத்தம் ஏறும். உள்ளே நுழைகிறதே, மூடுகிறதே என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, சுடாத தோட்டா குட்டையாகத்தான் இருக்கும்.

சென்னையில் ரிப்பேர் லைசென்ஸ் உள்ள நல்ல கடையாகப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். அளக்க மட்டும். வேற எதற்கும் இப்போது சம்மதிக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

கொண்டுபோவதற்கு முன் லைசென்ஸில் எந்த எல்லை வரை செல்லும் என்று பாருங்கள். மாவட்டம் மட்டும் என்றால் சென்னைக்குக் கொண்டுபோக முதலில் அனுமதி வாங்க வேண்டும். லைசென்ஸ்காரர் நைனாதான், அவரும் கூடப் போகட்டும்.

பழைய வட ஆற்காடு லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. உங்கள் கோப்பு இப்போது எந்தக் கலெக்டர் ஆபிஸில் இருக்கிறது, தேசியத் தரவுத்தளத்தில் உங்கள் தனி எண் ஏறியிருக்கிறதா என்று புதுப்பிக்கும் நாள் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும், ஒரு ஆளுக்கு 2 துப்பாக்கிதான்.

காட்பாடி லேத் எழுதியது:

வெளிநாட்டிலிருந்து இதே கம்பெனிக் குழல் ஜோடி வரவழைக்க முடியாதா சார்? காசு செலவானாலும் பரவாயில்லை என்றால்?

பாலாற்றங்கரை எழுதியது:

சாமானிய லைசென்ஸ்காரர்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு இங்கே யானை விலை சொல்வது அதனால்தான். அப்படியே வந்தாலும், ரெட்டைக்குழலில் ஒரு துப்பாக்கியின் குழல் இன்னொன்றில் சும்மா உட்காராது. கொக்கியும் பூட்டும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அரம் பிடித்துப் பொருத்தினது. விளக்குப் புகையைப் பூசி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்ப்பார்கள். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் நாளடைவில் ஆட ஆரம்பித்துவிடும்.

குடியாத்தம் தறி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லைசென்ஸ் தமிழ்நாடு முழுக்கச் செல்லும் என்று இருந்ததால் சிக்கல் இல்லை, நானும் நைனாவும் சேர்ந்தே போனோம். கடைக்காரர் பெரியவர், நிதானமான மனுஷன். அரை நாள் எங்களை உட்காரவைத்து எங்கள் கண் முன்னாலேயே அளந்தார்.

இடது குழல் உள் விட்டம் .733. வலது .731. சுவர் கனம் இடதில் வீங்கின இடத்தில் 14 தவ், மற்ற இடங்களில் குறைந்தது 17. வலதில் குறைந்தது 19, சொட்டைக்குப் பக்கத்திலேயே. அறை 2½ அங்குலம். சொட்டையின் மேல் எப்போதோ அரம் போட்டிருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடியில் காட்டினார். வீக்கத்துக்குக் கீழே ஒட்டியிருந்த ஏதோ ஒன்றைச் சுரண்டி எடுத்து வெள்ளைத்தாளில் போட்டார். செம்மண். குளவிக்கூடுதான்.

நைனா அந்த மண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலாற்றங்கரை எழுதியது:

அப்படியென்றால் பதில் வந்துவிட்டது தம்பி. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்கள் 20 தவ்வுக்குக் கீழே சுவர் போனால் யோசிக்கச் சொல்வார்கள். உங்களுடையதில் ரெண்டு குழலுமே அதற்குக் கீழே. ரெண்டுமே .729-ஐத் தாண்டியாயிற்று. அதாவது குளவி வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்தத் துப்பாக்கி ப்ரூஃப் இழந்துவிட்டது. துருவை எடுக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள், ஒரு தடவை அல்ல, ரெண்டு மூன்று தடவை. நாமெல்லாம் இத்தனை நாள் வீக்கத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம், நானும்தான்.

இனி வலது சொட்டையை எடுப்பதில் அர்த்தம் இல்லை. அதை எடுத்தாலும் சுட முடியாத குழலில்தான் எடுத்திருப்போம். வீக்கத்தை அமுக்குவது வெறும் ஒப்பனை, அதோடு ஆபத்தான ஒப்பனை, நாளைக்கு உங்கள் பேரன் எடுத்துப் பார்த்தால் நல்ல துப்பாக்கி என்று நினைப்பான். வீக்கம் அப்படியே தெரியட்டும். குழல் மாற்றுவதென்றால் முழுதாக, அனுமதியோடு, சோதனையோடு மட்டும். அந்தச் செலவுக்குப் புதுத் துப்பாக்கி ஒன்றே வாங்கிவிடலாம்.

பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கி நீலம் ஏற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்தக் காரம் ஈயப் பற்றை அரித்துவிடும். பழைய ரெட்டைக்குழலுக்கெல்லாம் மெதுவாகத் துருவேற்றித் தேய்த்து நிறம் வரவைப்பதுதான் முறை.

கோட்டை வாசல் எழுதியது:

அப்போது அதை அருங்காட்சியகப் பொருள் மாதிரி லைசென்ஸ் இல்லாமலேயே வீட்டில் மாட்டி வைக்கலாமா? பழசு, உடைந்தது என்றால் சட்டத்தில் விலக்கு உண்டு என்று படித்தேன்.

சத்துவாச்சாரி வக்கீல் எழுதியது:

45-ஆம் பிரிவைச் சொல்கிறீர்கள். அது பழமையான அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்கு கொடுக்கிறது. ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதில் பூட்டு வேலை செய்கிறது, வலது குழலில் தோட்டா போட்டால் வெடிக்கும். ஆபத்தான துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். அதனால் லைசென்ஸை விட்டுவிடாதீர்கள். இந்த அளவுகளை எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, சுடத் தகுதியற்றது என்று குறிப்பிட்டு அதிகாரிக்கு ஒரு மனு கொடுங்கள். வைத்துக்கொள்வதா, செயலிழக்கச் செய்வதா என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும்.

ராணிப்பேட்டை வெல்டர் எழுதியது:

தம்பி, நைனா எப்படி இருக்கிறார்?

குடியாத்தம் தறி எழுதியது:

நல்லா இருக்கார் சார். மனு கொடுத்தாயிற்று, ரசீது வாங்கி லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ரிப்பேரும் இல்லை, மாற்றமும் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். புதுசு வாங்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கடலை வயலைச் சுற்றி வேலி போடுகிறோம்.

அந்தக் கடைக்காரப் பெரியவர் கிளம்பும்போது ஒன்று சொல்லிக்கொடுத்தார். குழலைத் தனியாகக் கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரலால் சுண்டினால், நடுப்பட்டையின் பற்று நன்றாக இருந்தால் மணி மாதிரி ஒலிக்குமாம், விட்டிருந்தால் கரகரவென்று அடங்கிவிடுமாம். வீட்டுக்கு வந்து கைலி நெய்யும் நூலை நாலாக முறுக்கிக் கட்டி நைனா சுண்டிப் பார்த்தார். ஆரம்பத்தில் மணி மாதிரியே கிளம்பியது, அப்புறம் உடனே நைந்துவிட்டது. காதைக் கிட்டே வைத்து மறுபடி சுண்டினார். மூன்று தடவை. "எங்கப்பன் காலத்துல இது ரொம்ப நேரம் பாடும்டா" என்றார்.

அப்புறம் அவரே எண்ணெய் தொட்டுத் துடைத்து, உறையில் போடாமல் அலமாரியில் வாய் கீழே பார்க்க வைத்துப் பூட்டினார். சாவி என்னிடம் இருக்கிறது.